கையெழுத்துப் போடாத நாச்சிமுத்து

“நான் இன்னும் கையெழுத்தே போடலீங்களே அம்மணி” என்று நாச்சிமுத்து சொன்னபோது, அவர் கையெழுத்துப் போட்ட படிவம் என் மடியிலேயே இருந்தது. பதினான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் சாட்சியாக அவர் மனைவி பூங்கொடியின் கையெழுத்து. நான் அதைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“எங்கையெழுத்துத்தான். ஆனா நான் போடலீங்க.”

அவர் கண் விழித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல், சுவரில் நான் தெரிகிற ஒரு திரை, அவ்வளவுதான். முதலில் தன் கையைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “அப்ப நான் அந்த இன்னொருத்தனா எந்திரிச்சிருக்கறனுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பது விதி. எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் அழுவார்கள், அல்லது பேசாமல் இருப்பார்கள், பிறகு ‘சரி, ஒத்துக்கிட்டுத்தானே வந்தோம்’ என்பார்கள். நான் அதுவரை ஐம்பத்தாறு பேரை இப்படி எழுப்பியிருக்கிறேன். கையெழுத்தே போடவில்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

என் பெயர் ஜெபமலர். ஊர் பாளையங்கோட்டை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாகப் புது மருந்துச் சோதனைகளுக்கு ஒருங்கிணைப்பாளர். மருந்தைக் கம்பெனி செய்யும், டாக்டர் கொடுப்பார், நடுவில் இருக்கிற காகிதம், போன், கண்ணீர், காணாமல் போகிற ரிப்போர்ட் எல்லாம் என் தலையில். அலுத்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம். அலுத்துத்தான் கொள்கிறேன், ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சோதனை என்றால் குலுக்கல்தான். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி கிடையாது. பழையது விழுந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, “இதுக்குத்தானா இத்தனை தூரம் வந்தோம்?” என்று கேட்பார்கள். பிறகு அந்த எந்திரம் வந்தது. அரை மணி நேரம் உள்ளே படுத்தால் போதும், ஆளை அப்படியே பதிவு செய்துவிடும். புது மருந்து எல்லோருக்கும் கிடைக்கும். பழைய மருந்து கணினிக்குள் இருக்கும் அவர்களுடைய பதிவுக்குப் போகும். நாங்கள் அதை இணை என்போம்.

முதலில் உடம்பை மட்டும்தான் பதிவு செய்தார்கள். அது சரிப்படவில்லை. மனசில்லாத இணை மாத்திரையை மணியடித்தாற்போல் போட்டுக்கொண்டது. பயத்தில் சாப்பிடாமல் இருக்கவில்லை. நேர்த்திக்கடன் என்று ஒரு வாரம் காணாமல் போகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று கஷாயம் குடிக்கவில்லை. எந்த நோயாளி அப்படி இருக்கிறான்? கணக்கெல்லாம் தப்பாக வந்தது. அதனால் மனசையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். அத்தோடு என் நிம்மதி போயிற்று.

நாச்சிமுத்துக்கு இதையெல்லாம் நான்தான் விளக்கினேன். ஐம்பத்தாறு வயது. கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் முப்பது வருடம் மணல் அச்சு கட்டியவர். வாழ்நாளில் ஒரு பீடி பிடித்ததில்லை, ஆனாலும் இரண்டு நுரையீரலிலும் கட்டி. மனைவியோடு என் எதிரில் உட்கார்ந்து மிகவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏனுங்க அம்மணி, பதிவு பண்ணுன பொறவு நான் கண்ண முழிக்கறப்ப, எவனா முழிப்பேன்?”

“ரெண்டு பேருமே முழிப்பீங்கய்யா. ஒருத்தர் இங்க, ஒருத்தர் அங்க. ரெண்டு பேருக்கும் இது வரைக்கும் நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கும்.”

“அங்க முழிக்கறவனுக்கு வலிக்குமுங்களா?”

வலிக்கும் என்று சொன்னேன். அதனால்தான் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். ‘பதிவுக்குப் பின் நான் எவராகக் கண் விழித்தாலும் எனக்குச் சம்மதம்.’ முதலில் கையெழுத்து, பிறகு பதிவு. அப்போதுதான் உள்ளே கண் விழிக்கிறவருக்கும் தான் சம்மதித்த நினைவு இருக்கும். எங்கள் சோதனையின் நியாயம் முழுவதும் அந்த ஒரு நினைவின் மேல்தான் நிற்கிறது.

இப்போது ஒருவர் அந்த நினைவு தனக்கு இல்லை என்கிறார். சோதனையை நடத்தும் டாக்டர் இளவழகனிடம் போய்ச் சொன்னேன். பதிவில் கடைசிக் கொஞ்ச நேரம் சில சமயம் அழிந்துபோகும், மருந்து ஆரம்பித்தால் இதெல்லாம் மறந்துவிடுவார் என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நாச்சிமுத்து மறக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்த அறையில் கீமோ ஏற்றும்போதெல்லாம், “போடுங்க. ஆனா நான் கையெழுத்துப் போடலீங்க” என்பார். கோபமே இருக்காது. இன்னும் டிக்கெட் வாங்கவில்லை என்று கண்டக்டரிடம் சொல்கிறவர் மாதிரிச் சொல்வார்.

நான்கு மாதம் ஓடியது. வீட்டில் இருந்த நாச்சிமுத்துக்கு மூன்றாவது மாதமே இருமல் நின்றது. மணல் பக்கம் போகாமல், பவுண்டரி ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் திட்டத் தொடங்கினார். அறையில் இருந்த நாச்சிமுத்துக்கு முடி கொட்டியது, வாய் வெந்தது. “வாயெல்லாம் இரும்பு ருசிங்க. முப்பது வருசம் மூக்குல இருந்தது, இப்ப வாய்க்கு எறங்கிருச்சு” என்றார். கட்டி சுருங்கவில்லை.

பூங்கொடி தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து அறையில் இருந்தவரோடு திரையில் ஒரு மணி நேரம் பேசுவார். குடும்பத்தார் பேசினால் இணைக்கு நல்லது என்பது விதிமுறையிலேயே இருக்கிறது. பிறகு பஸ் ஏறிப் போய் மற்றவருக்கு ராத்திரிச் சாப்பாடு செய்வார். இரண்டு பேரையும் ‘ஏனுங்’ என்றுதான் கூப்பிட்டார். எதை யாரிடம் சொன்னோம் என்பது அவருக்குக் குழம்பத் தொடங்கியது. மகள் உண்டாகியிருக்கும் செய்தியை நாலு மணிக்கு அறையில் இருந்தவரிடம் சொல்லிவிட்டார், வீட்டில் சொன்னதாக நினைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து மருமகன் வாயால் கேள்விப்பட்ட வீட்டு நாச்சிமுத்து, “எனக்கு முன்னாடி எவங்கிட்டடி சொன்ன?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாராம். என்னிடம் சொல்லும்போது பூங்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“ஏனுங்க, அந்த மாத்திரைய இவருக்கும் குடுத்தாத்தான் என்னங்க? கம்ப்யூட்டர்ல தட்டுனாப் போதாதுங்களா?” என்று ஒரு நாள் கேட்டார்.

கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது, அதற்காகத்தான் அவரை உண்டாக்கியிருக்கிறோம் என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது நன்றாக இல்லை. பூங்கொடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நாச்சிமுத்துவின் தாள்களில் இரண்டு நேரங்கள் கண்ணில் பட்டன. பதிவு தொடங்கியது, பதினொன்று ஐந்து. கையெழுத்து, பன்னிரண்டு பத்து.

பதிவு நடந்த அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் நினைவுக்கு வந்தது. விளக்கி முடித்து நான் பேனாவை நீட்டியபோது நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ராகு காலம் ஆரம்பிச்சிருச்சுங்க. பன்னெண்டுக்கு மேல போடறனுங்க.” இது எங்களுக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் அலுவலகத்தில் பேனாக்களுக்கு ஓய்வுதான். ஆனால் எந்திரம் அன்று பதினொரு மணிக்குத்தான் கிடைத்தது. விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான். அவருடைய நுரையீரலுக்கு மூன்று வாரம் என்பது பெரிய காலம். எந்திரத்தில் படுக்கலாமா என்று கேட்டேன். “படுக்கறதுக்கென்னங்க, எழுத்துத்தானே ஆகாது” என்றார். படுக்கவைத்தேன். எழுந்ததும் மனைவியோடு கேன்டீனுக்குப் போனார். பன்னிரண்டு பத்துக்கு வந்து பதினான்கு கையெழுத்தும் போட்டார். நான் கோப்பில் சேர்த்து வைத்தேன். தாளிக்கும்போது கடுகு முதலா உளுந்து முதலா என்பதற்கு மேல் அன்று நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அறையில் இருப்பவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறக்கவுமில்லை. அவர் கையெழுத்துப் போடவே இல்லை. நாலு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் இளவழகன் இரண்டு நேரங்களையும் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பிறகு, “அதே ஆள்தானே மலர்? இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுக் கேட்டிருந்தா போட்டிருப்பார். போட்டாரே” என்றார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அவர் சொன்னதும் சரி, நான் பயந்ததும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அறையில் இருந்தவரிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். நடந்தது முழுவதையும் சொல்லி, தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன். அன்று பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகியிருந்தால் போட்டிருப்பீர்களா என்று கேட்டேன்.

“போட்டிருக்க மாட்டனுங்க” என்றார் உடனே. “ராகு காலம்னு சொன்னது சும்மாங்க. பவுண்டரில ராகு காலம் பாத்தா உலை ஆறிப்போயிரும். முப்பது வருசத்துல ஒரு நாள் பாத்ததில்ல. வேண்டாம்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. நீங்க அத்தன பாடுபட்டுச் சொன்னீங்க. கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டுட்டு, வெளிய போயி இவகிட்டச் சொல்லி அப்படியே பஸ் ஏறிரலாம்னு இருந்தேன்.”

“எதுக்குங்கய்யா வேண்டாம்னு நினைச்சீங்க?”

“இன்னொருத்தனா முழிச்சுட்டா என்ன பண்றதுன்னுதான்” என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “வெசனப்படாதீங்க” என்றார்.

அப்படியென்றால் அந்த அறுபத்தைந்து நிமிடத்துக்குள் என்னவோ நடந்திருக்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்திருந்த ஒருவர் கேன்டீனுக்குப் போய், சம்மதத்தோடு திரும்பி வந்திருக்கிறார். உள்ளே போனவர் வேண்டாம் என்பவர். வெளியே மருந்து சாப்பிட்டுப் பிழைத்தவர் சரி என்றவர்.

மறுநாள் காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டு நாச்சிமுத்து நன்றாகச் சதை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. “இணை போச்சுன்னா எனக்கு மாத்திரை நிறுத்திருவீங்களா?” என்று அதை மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் விதி அப்படி. இணை செத்தால் அது ஒரு முடிவு, முடிவு கிடைத்தவருக்கு மருந்து தொடரும். இணை விலகினால் அந்த ஜோடியே செல்லாது, மருந்தும் நிற்கும். அந்த மாத்திரை கடையில் கிடைக்காது, வேறு எங்கேயும் கிடைக்காது. நிறுத்தினால் ஆறு மாதத்தில் கட்டி திரும்ப வளரும்.

அன்று கேன்டீனில் என்ன நடந்தது என்று கேட்டேன். நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். பூங்கொடிதான் பேசினார்.

“வேண்டாம், போயிரலாம்னு சொன்னாருங்க. நாந்தான் விடல. ‘உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங், ஆகறதெல்லாம் அந்த இன்னொருத்தருக்குத்தானே’ன்னு சொன்னேன். அப்பறந்தான் கையெழுத்துப் போட வந்தாரு.”

பிறகு பூங்கொடி, “அவருகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க சொல்லாதீங்க” என்றார். என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாலு மணிக்காகக் காத்திருக்காமல் பன்னிரண்டு மணிக்கே திரையைப் போட்டோம். நான் வெளியே போகிறேன் என்றேன். பூங்கொடி என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார். சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் அவரிடம் சொன்னார். அறையில் இருந்தவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். முடியில்லாத அந்தத் தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

“நல்லாத்தான் சொல்லியிருக்கற” என்றார் கடைசியில். “உன் எடத்துல நான் இருந்திருந்தாலும் உனக்காக அதத்தான் சொல்லியிருப்பேன். அந்த இன்னொருத்தனுக்குப் பொண்டாட்டி நீதான்னு உனக்கு அப்பத் தோணல.”

“தோணலீங்க” என்றார் பூங்கொடி. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர் பூங்கொடியைத் தேற்றவில்லை. என்னைப் பார்த்து, விலகுவதற்குப் படிவம் இருக்குமே, அது வேண்டும் என்றார். விலகினால் அவருடைய பதிவை நிறுத்துவார்கள், தூங்குகிற மாதிரி இருக்கும், வலி இருக்காது. அதுவும், வீட்டில் இருப்பவருக்கு மாத்திரை நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். கேட்டது அவருடைய உரிமை என்றுதான் நினைத்தேன். கொடுத்தால் வீட்டில் இருப்பவர் சாவார், கொடுக்காவிட்டால் இவர் வதைபட்டுச் சாவார். அன்று சாயங்காலம் நான் என் தப்பை எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்கிற வீரமெல்லாம் இல்லை. இதை நான் ஒருத்தியாகத் தீர்க்க முடியாது என்ற பயம்தான்.

குழுவில் ஏழு பேர். இரண்டு மணி நேரம் பேசினார்கள். வக்கீல் ஒருவர் தெளிவாகச் சொன்னார். அறையில் இருப்பவர் மனிதர் என்றால், சம்மதம் இல்லாத ஒரு மனிதருக்கு நாலு மாதம் விஷம் ஏற்றியிருக்கிறோம், சோதனையையே மூட வேண்டும், இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் மாத்திரை நிற்கும். மனிதர் இல்லையென்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டாவதைச் சொன்னபோது மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கையெழுத்து இல்லாதவர் பங்கேற்பாளர் இல்லை, பங்கேற்பாளர் இல்லாதவர் விலக முடியாது, அதனால் விலக வேண்டும் என்று அவர் கேட்டது செல்லாது என்று எழுதப் போனார்கள்.

இந்தக் குழுக்களில் மருத்துவமும் சட்டமும் தெரியாத சாதாரண ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். எங்கள் குழுவில் அது தேவசேனா, சிங்காநல்லூரில் தையல் கடை வைத்திருப்பவர். அதுவரை வாயைத் திறக்காதவர், “வேண்டாம்னு சொல்லத் தெரியுது. அப்ப வேணும்னு சொல்லவும் தெரியுமில்லீங்களா? ஒரு படிவத்தக் குடுத்து, மறுக்கா அவருகிட்டயே கேளுங்க” என்றார். யாருக்கும் அதை மறுக்கத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு வரித் தீர்மானம் வந்தது. கையெழுத்துப் போடாதவரை அவர் பங்கேற்பாளர் இல்லை, அதனால் விலகவும் முடியாது, பதிவு ஓடும். இப்போது கையெழுத்துப் போட்டால் அன்று முதல் எல்லா உரிமையும் உண்டு, நடந்த பிழைக்காகத் தினமும் காலையில் தொடர விருப்பமா என்று அவரைக் கேட்க வேண்டும்.

இதை நான் அவரிடம் போய்ப் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

“அப்ப வெளிய போகோணும்னா மொதல்ல உள்ள வரோணும்ங்கறாங்க.”

“அப்படித்தாங்கய்யா.”

“சரி, குடுங்க.”

நான் இங்கே காகிதத்தை வைத்தால் அங்கே அவர் மேசையில் காகிதமாகவே இருக்கும். பதினான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். வீட்டில் இருப்பவர் அன்று படிக்கவே இல்லை. பதினோராம் பக்கம் வந்ததும் ‘நான் எவராகக் கண் விழித்தாலும்’ என்பதை அடித்துவிட்டு, ‘இவனாகக் கண் விழித்த’ என்று மேலே எழுதினார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு கையெழுத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, இது கொஞ்சம் நடுங்கியிருந்தது என்பதைத் தவிர.

விதிப்படி விலகல் படிவத்தையும் உடனே கொடுத்தேன். டாக்டர் என் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பூங்கொடி வரவில்லை. நாச்சிமுத்து அந்தத் தாளை இரண்டாக மடித்துத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தார்.

“இன்னிக்கு இருக்கட்டுங்க” என்றார்.

“ஏங்கய்யா?”

“இப்பத்தானே வந்து சேந்திருக்கேன்.”

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு நான் கேட்க வேண்டும். தொடர விருப்பமா? அவர் டம்ளரைத் தூக்கிப் பார்ப்பார். தாள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வார். இருக்கட்டுங்க என்பார். ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை. மன்னித்துவிட்டாரா, பழி வாங்குகிறாரா, இல்லை தன் கையில் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குப் போதுமா, எனக்குத் தெரியவில்லை. பூங்கொடி மறுபடி நாலு மணிக்கு வரத் தொடங்கினார். அந்தத் தாளைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. பெண்ணின் பிரசவத்தைப் பற்றியும் சம்பந்தி வீட்டு வம்பைப் பற்றியும்தான் பேச்சு.

வீட்டு நாச்சிமுத்து எட்டரைக்குப் போன் செய்வார். ஒரு நாள் தவறாமல் செய்வார். தொடர்கிறார் என்ற ஒரு சொல்லுக்கு மேல் நான் சொல்லக் கூடாது. அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வந்து அவரைப் பாருங்களேன் என்று ஒரு தடவை சொன்னேன். “எம்மூஞ்சிய நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க பாக்கறது?” என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரும். பிறகு, அவர் செய்த தப்பு என்ன என்று யோசித்தால் ஒன்றும் அகப்படாது. பிழைக்க ஆசைப்பட்டார், மனைவி சொன்னதைக் கேட்டார். தப்பு என்னுடையது என்று சொன்னால் டாக்டர் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார், எந்திரத்தின் அட்டவணை என்பார்.

ஏழாவது மாதம் கட்டி கல்லீரலுக்குப் போய்விட்டது. அறையில் இருந்தவரால் எழுந்து உட்கார முடியவில்லை. வலிக்குக் கொடுப்பதைக் கூட்டினோம், அதுவும் போதவில்லை. நேற்றுக் காலை எட்டு மணிக்கு நான் திரையைப் போட்டபோது ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே பேசினார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

“அவரு தெனமும் கூப்படறாருங்களா?”

சொல்லக் கூடாது. இருந்தாலும் ஆமாம் என்றேன்.

“எத்தன மணிக்குங்க?”

“எட்டரைக்கு.”

“அப்பச் சாப்படாமத்தான் கூப்படுவாரு” என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “சாப்பட்டுட்டுக் கூப்படச் சொல்லுங்க அம்மணி. வெறும் வயித்துல அந்தப் பயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க.”

கேட்க வேண்டிய கேள்வியை மறந்துவிட்டேன். அவர்தான், “இன்னிக்கும் இருக்கட்டும், எழுதிக்குங்க” என்று நினைவுபடுத்தினார்.

எட்டரைக்குப் போன் வந்தது. தொடர்கிறார் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

ஒன்பதே காலுக்கு மறுபடி மணி அடித்தது.

“சாப்பட்டாச்சுன்னு அவருகிட்டச் சொல்லிருங்க” என்றார் நாச்சிமுத்து. வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டார்.